திருகோணமலையில் எங்கே போக எதை உடுத்துவது: புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு செய்முறை

“செத்த வீட்டுக்கு நீலச் சேலை உடுத்தலாமா?” “கோணேசர் கோயிலுக்கு முக்கால் காற்சட்டையோடு போகலாமா?” “கிண்ணியாவில் சிநேகிதியின் கலியாணம், சேலை நல்லதா பஞ்சாபி நல்லதா?” இப்படியான கேள்விகள் எங்கள் வீட்டுக்கு ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருக்கின்றன. ஆடி, ஆவணியில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்துவிட்டால் இன்னும் கூடும். முதல் வேலைக்காக இந்த ஊருக்கு வந்திறங்கியவர்களும் கேட்பார்கள். கேட்காமல் போய் அங்கே கூனிக் குறுகி நிற்பதைவிட, முன்கூட்டியே கேட்பது எவ்வளவோ மேல்.

ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு விடையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கீழே உள்ள படிகளை வரிசையாகக் கடந்து வந்தால், உங்கள் அலுமாரியில் இருப்பதிலேயே விடை கிடைத்துவிடும்.

படி 1: அந்த நாள் யாருடையது, அங்கே நீங்கள் யார்?

நிறத்தையும் துணியையும் யோசிப்பதற்கு முன் இதைக் கேளுங்கள். ஒரே கலியாண வீட்டுக்கு மணமகளின் மாமியும் போகிறார், மணமகனோடு அலுவலகத்தில் வேலை செய்பவரும் போகிறார். மாமி தட்டம் தூக்க வேண்டும், மணவறைக்கு அருகில் நிற்க வேண்டும், எல்லாப் படங்களிலும் இருக்க வேண்டும். அவருக்குப் பட்டுச் சேலைதான் பொருத்தம். அலுவலக நண்பருக்கு அயன் செய்த சேர்ட்டும் நீளக் காற்சட்டையும் போதும். வேட்டி கட்டினால் வீட்டுக்காரர் மகிழ்வார்கள்.

தோழனாகவோ தோழியாகவோ ஓமகுண்டத்துக்கு அருகில் இருக்கப்போகிறீர்கள் என்றால் நைலோன், பொலியெஸ்டர் துணிகளைத் தவிருங்கள். பொறி விழுந்தால் அவை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் பட்டும் அப்படி உருகுவதில்லை. தொங்கும் சால்வையையும் தலைப்பையும் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

விருந்தினராகப் போகும் பெண்கள் கூறைச் சேலையின் சிவப்பை ஒத்த நிறத்தை விட்டுவிடுவது நல்லது. அது மணப்பெண்ணின் நிறம். முழுக் கறுப்பும் கரையில்லாத வெறும் வெள்ளையும் மங்கல வீட்டுக்கு வேண்டாம். சொல்லாவிட்டாலும் பெரியவர்களின் மனம் நோகும். சாமத்திய வீட்டுக்கும், அதாவது பூப்புனித நீராட்டு வீட்டுக்கும், இதே கணக்குத்தான். ஆனால் நீங்கள் தாய்மாமனாகவோ மாமியாகவோ இருந்தால், பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கும்போது நீங்களும் நனைவீர்கள். அதற்கொரு பருத்தி வேட்டி அல்லது நூல் சேலை, பிறகு மண்டபத்துக்கு ஒரு பட்டு என்று இரண்டு தொகுதி எடுத்துச் செல்லுங்கள்.

படி 2: போகும் இடத்தின் முறை என்ன?

கோணேசர் கோயிலை எடுத்துக்கொள்வோம். ஈழத்துச் சைவக் கோயில்களில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போவது வழக்கம். ஆகவே தலைவழியாக இழுத்துக் கழற்றும் ரீசேர்ட்டைவிடப் பொத்தான் வைத்த சேர்ட் வசதி. தோளில் ஒரு சால்வை இருந்தால் கூச்சப்படுகிறவர்களுக்கும் உதவும். பெண்களுக்குச் சேலை, பாவாடை தாவணி, துப்பட்டாவோடு பஞ்சாபி எல்லாம் பொருந்தும். முழங்கால் தெரியும் உடுப்பு ஆண்களுக்கும் வேண்டாம். நகருக்குள் இருக்கும் பத்திரகாளி அம்மன் கோயிலுக்கும் இதே உடுப்பில் போய்விடலாம்.

கோயிலுக்குப் போகும் வழி பிரட்ரிக் கோட்டைக்குள்ளால் ஏறுகிறது. அங்கே இன்றும் இராணுவம் இருக்கிறது. படையினரின் உடுப்பைப் போன்ற புள்ளிக் காற்சட்டையையும் தொப்பியையும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். அதே கோட்டைக்குள் உள்ள கோகண்ண விகாரைக்கும் போக நினைத்தால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். புத்தர் படம் போட்ட துணியை இலங்கையில் எங்கும் உடுத்த வேண்டாம். அழகுக்காகத்தான் வாங்கியிருப்பீர்கள், ஆனாலும் அது பௌத்தர்களின் மனதைப் புண்படுத்தும், பொலிசு வரையும் போகும்.

தேவாலயத்துக்குக் கையுள்ள சட்டையும் முழங்காலை மூடிய உடுப்பும் போதும்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் நண்பர்களின் வீட்டுக் கலியாணத்துக்குச் சேலையிலும் போகலாம், பஞ்சாபியிலும் போகலாம். கை நீளமாகவும் கழுத்து மூடியும் இருக்கட்டும். தலையில் போட ஒரு சால்வையைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்; தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். பல வீடுகளில் சாப்பாடு சஹனில் வரும். ஐந்தாறு பேர் பாயில் வட்டமாக இருந்து ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். இறுக்கமான ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போன இளைஞர்கள் அங்கே காலை மடிக்க முடியாமல் படும் பாடு எனக்குத் தெரியும். தளர்ந்த காற்சட்டை போட்டுப் போங்கள், வயிறாரச் சாப்பிட்டு வரலாம்.

படி 3: உங்கள் உடம்பு அங்கே என்ன செய்யப்போகிறது?

பலரும் மறந்துவிடும் படி இது. கண்ணாடி முன் நின்று பார்க்கும்போது எல்லா உடுப்பும் அழகுதான். ஏறும்போது, குனியும்போது, தரையில் இருக்கும்போது எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

கன்னியா வெந்நீரூற்றில் மூழ்கிக் குளிப்பதில்லை. ஏழு சிறு கிணறுகளிலிருந்து வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்வார்கள். எல்லோர் முன்னிலையிலும் நனையப்போகிறீர்கள் என்பதால் வெளிர் நிறம் வேண்டாம், ஈரத்தில் உடம்போடு ஒட்டித் தெரியும். கடும் நிறப் பருத்தி உடுப்பும் மாற்றுத் துணியும் துவாயும் கொண்டு போங்கள்.

உப்புவெளி, நிலாவெளிக் கடலில் இறங்கும் பெண்கள் சேலையோடும் நீளப் பாவாடையோடும் இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதைக்கிறது. நனைந்த துணி காலைச் சுற்றிக்கொண்டால் நீந்தத் தெரிந்தவர்களும் தடுமாறுவார்கள். உடம்போடு ஒட்டிய நீளக் காற்சட்டையும் முழுக்கை நீச்சல் சட்டையும் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. அவை அடக்கமானவை, பாதுகாப்பானவை. புறாத்தீவுக்குப் போகிறவர்களுக்கும் அதுவே நல்லது: உடம்பு மூடியிருந்தால் வெயிற் பூச்சு குறைவாகப் போதும், பவளப்பாறைக்கும் கேடு குறையும். கடற்கரையில் போட்டிருந்த அரைகுறை உடுப்போடு நகரக் கடைவீதிக்கு வராமல், மேலே ஒரு சாரத்தையோ சட்டையையோ போட்டுக்கொள்ளுங்கள்.

இனி வேட்டி. இளைஞர்கள் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான், ஆகவே விரிவாகவே சொல்கிறேன். எட்டு முழ வேட்டி ஏறக்குறைய 3.6 மீற்றர், இரண்டாக மடித்தால் நாலு முழம்.

1. உள்ளே அரைக் காற்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பாதி அச்சம் அதோடு போய்விடும்.
2. மடித்த வேட்டியை முதுகுப் பக்கமாக இடுப்பில் பிடித்து, இரண்டு முனைகளையும் முன்னால் கொண்டு வாருங்கள். கீழ் விளிம்பு கணுக்காலளவில் நிற்கட்டும்.
3. கால்களை ஓரடி அகலம் விரித்து நில்லுங்கள். சேர்த்து வைத்துக் கட்டினால் படியில் காலைத் தூக்க முடியாது.
4. ஒரு முனையை எதிர்ப்பக்க இடுப்புவரை இழுத்துச் செருகுங்கள். மற்ற முனையை அதன்மேல் இறுக்கி இழுத்து, அடுத்த பக்கத்தில் செருகுங்கள்.
5. மேல் விளிம்பு முழுவதையும் இரண்டு மூன்று முறை வெளிப்புறமாகச் சுருட்டுங்கள். வேட்டியைத் தாங்குவது இந்தச் சுருட்டுத்தான். தேவையென்றால் மேலே ஒரு பெல்ட் போடலாம்.
6. கட்டியபடியே பத்துத் தடவை குந்தி எழும்புங்கள். அவிழாவிட்டால் கோணேசர் மலைக்கு ஏறலாம்.

ஏறும்போது மடித்துக் கட்டிக்கொண்டால் பிழையில்லை. சன்னிதிக்கு முன்பும் பெரியவர்களுக்கு முன்பும் இறக்கிவிடுங்கள்.

படி 4: காற்றும் வெயிலும் மழையும்

ஆனி, ஆடியில் பகல் வெப்பம் 34, 35 பாகைக்கு ஏறும். கச்சான் காற்றும் உலர்த்தி எடுக்கும். அந்த நாட்களில் மண்டபத்துக்கு உள்ளே மட்டும் பட்டு, வெளியில் நிற்க வேண்டிய எதற்கும் பருத்தி. கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலை உச்சியில் கடற்காற்று ஓயாது அடிக்கும். சேலைத் தலைப்பைத் தோளில் ஊக்குக் குத்தி நிறுத்துங்கள், மடிப்புகளுக்கும் ஒன்று குத்துங்கள். உச்சி வெயிலில் கல் சுடும், செருப்பும் இருக்காது. காலையிலோ மாலையிலோ போங்கள்.

கார்த்திகை, மார்கழி மழைக்குத் தரையைத் தொடும் வெளிர் நிறப் பட்டைத் தவிருங்கள். சேலையைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டி, இறப்பர்ச் செருப்போடு போய், மண்டப வாசலில் நல்ல செருப்பை மாற்றிக்கொள்ளலாம்.

படி 5: முதல் நாள் மாலையே உடுத்துப் பாருங்கள்

பொத்தான், கொக்கி, தையல், அயன். நேர்முகத் தேர்வென்றால் சப்பாத்தும் சேர்த்து. வெளிர் நிறச் சேர்ட், கடும் நிற நீளக் காற்சட்டை. ஆசிரியப் பணிக்கு விண்ணப்பிக்கும் பெண்களுக்குச் சேலை. கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) அலுவல் என்றாலும் ஒழுங்கான உடுப்பில் போங்கள், மதிப்பாகப் பேசுவார்கள்.

முன்கூட்டியே தெரியாமல் வரும் நாள்

செத்த வீட்டுக்கு ஒத்திகை பார்க்க நேரம் கிடைக்காது. அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: ஒரு தொகுதி உடுப்பை எப்போதும் துவைத்து மடித்து அலுமாரியில் வைத்திருங்கள். ஆண்களுக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேர்ட், சால்வை. பெண்களுக்கு வெள்ளை அல்லது மங்கிய நிறத்தில் நூல் சேலை, இல்லையென்றால் பஞ்சாபி.

வெளிநாட்டில் பழகியவர்கள் கறுப்பைத் தேடுவார்கள். சைவ வீட்டில் துக்கத்தின் நிறம் வெள்ளை. கிறிஸ்தவ வீட்டில் கறுப்பும் உண்டு, வெள்ளையும் உண்டு. முஸ்லிம் வீட்டில் அடக்கத்தைத் தாமதிக்க மாட்டார்கள். நிறத்தைத் தேடிக்கொண்டிருக்காமல், கை கால் மூடிய எளிய உடுப்போடு உடனே போங்கள். பெண்கள் தலைக்குச் சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

நீலச் சேலை கேள்விக்கு விடை: மங்கிய நீலம், சரிகை இல்லை, பளபளப்பு இல்லை என்றால் தாராளமாக. பூவும் வாசனைத் திரவியமும் வேண்டாம். வழக்கமாகப் போட்டிருக்கும் தாலிக்கொடியும் தோடும் இருக்கலாம். புதிதாக எதையும் எடுத்துப் போடாதீர்கள். சுடலைக்குப் போய் வந்தால் தோய்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவோம், உடுத்தியதையும் நனைத்துவிடுவோம். ஆகவே தண்ணீர் படக்கூடாத துணி அன்றைக்கு உதவாது. சரியான உடுப்பு இல்லையே என்று அந்த வீட்டுக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். வேலைக்குப் போட்ட சேர்ட்டோடு வந்தவரை யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள், வராதவரை நினைப்பார்கள்.

திரும்பி வந்த பிறகு

இந்த ஊரின் ஈரமும் உப்பும் கலந்த காற்றில் சரிகை விரைவில் கறுத்துவிடும். பட்டை வந்தவுடன் மடிக்காமல் நிழலில் காற்றாட விடுங்கள். பிறகு பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். பொலித்தீன் பைக்குள் வேண்டாம். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றுங்கள், ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த இடத்தில் கிழியும்.

பட்டு இல்லாதவர்கள் இரவல் வாங்கலாம், எங்கள் வீடுகளில் காலங்காலமாக நடப்பதுதான். தெறித்த குழம்பை உடனே ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். இரவல் பட்டை நீங்களாகத் துவைக்காமல், காற்றாடவிட்டு, கறை இருந்தால் எந்த இடத்தில் என்று சொல்லி, மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுங்கள்.