டெங்கு என்.எஸ்.1: காந்தத் துணிக்கையால் பிடித்து மின்வாயால் அளக்கும் முறை

மாரி தொடங்கி மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் டெங்கு ஏறும்போது, காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே குருதியில் தேடக்கூடியது வைரஸ் வெளிவிடும் என்.எஸ்.1 புரதம். இருக்கா இல்லையா என்று மட்டும் தெரிய ஸ்ட்ரிப் போதும். இருபது நிமிடத்தில் கோடு விழுந்துவிடும். எவ்வளவு இருக்கிறது என்று எண்ணாக வேண்டுமென்றால் வழக்கமாக எலைசா (குழித் தட்டில் பிறபொருளெதிரியும் நொதியமும் கொண்டு அளக்கும் சோதனை). அதற்கு இரண்டு மூன்று மணித்தியாலம் போகும். இங்கே சொல்லும் முறை, புரதத்தைக் காந்தத் துணிக்கையில் பிடித்து, அதில் நொதியம் ஏற்றிய பிறபொருளெதிரியை ஒட்டி, நொதியத்தால் வரும் ஓட்டத்தை மின்வாயால் அளந்து, அந்த எண்ணை ஒரு மணித்தியாலத்தில் தரும். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ சம்மாந்துறை வளாகத்திலோ இறுதியாண்டுச் செயற்திட்டம் செய்யும் மாணவருக்கு இது பொருந்தும். நோயாளிக்கு அறிக்கை எழுதுவதற்கு அல்ல.

வேகம் மின்வாயால் வருகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது துணிக்கையால் வருகிறது. எலைசாத் தட்டில் பிறபொருளெதிரி குழியின் அடியில் ஒட்டியிருக்கும். புரதம் அதுவரை பரவி வரவேண்டும். கலக்காமல் விட்டால் ஒரு மில்லிமீற்றர் கடக்க இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். ஒரு மைக்ரோமீற்றர் விட்டமுள்ள துணிக்கைகளில் 30 மைக்ரோகிராமை 25 மைக்ரோலீற்றரில் கலக்கினால், துணிக்கைக்கும் துணிக்கைக்கும் இடைவெளி சுமார் 10 மைக்ரோமீற்றர்தான். அந்தத் தூரத்துக்கு ஒரு செக்கன் போதும்.

30 அல்லது 50 நானோமீற்றர் தனித் துணிக்கைகளை வாங்க ஆசைப்பட வேண்டாம். கைக்காந்தம் அவற்றை இழுக்க நெடுநேரம் எடுக்கும். கழுவும்போது பாதி தண்ணீரோடு போய்விடும். நானோ அளவு இரும்பு ஒட்சைட்டு மணிகளைப் பொலிமருக்குள் அடைத்த, ஒரு மைக்ரோமீற்றர் ஸ்ட்ரெப்டாவிடின் (பயோட்டினை இறுகப் பிடிக்கும் புரதம்) துணிக்கையே (மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம்) நல்லது. ஒன்றிரண்டு நிமிடத்தில் குழாயின் சுவரில் கபில நிறப் பொட்டாய் ஒட்டிக்கொள்ளும்.

மற்றவை: என்.எஸ்.1இன் வெவ்வேறு இடங்களைப் பிடிக்கும் இரண்டு பிறபொருளெதிரிகள் (ஒன்று பயோட்டின் ஏற்றியது, மற்றது எச்.ஆர்.பி நொதியம் ஏற்றியது), செயற்கையாகத் தயாரித்த என்.எஸ்.1, அச்சிட்ட காபன் மின்வாய்கள், அவற்றின் அடியில் வைக்க நியோடிமியம் காந்தம், கையடக்கப் பொட்டென்சியோஸ்டாட் (மின்வாய்க்கு அழுத்தம் கொடுத்து ஓட்டத்தை அளக்கும் கருவி). முழுச் சோதனையும் செயற்கைப் புரதத்தில் ஒழுங்காக வந்த பிறகே, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு மனித நீர்ப்பாயத்தை (குருதி உறைந்தபின் பிரியும் தெளிநீர்) தொட வேண்டும்.

துணிக்கையைத் தயாரித்தல்

போத்தலை நன்றாகக் குலுக்கி 100 மைக்ரோலீற்றர் எடுங்கள். 0.05 வீதம் ட்வீன் 20 (மென் சவர்க்காரம்) கலந்த பி.பி.எஸ் (பொசுபேற்றுத் தாங்கல் உப்புக் கரைசல்) ஒரு மில்லிலீற்றரால் மூன்று தரம் கழுவுங்கள். இந்தக் கழுவலில் சோம்பல் கூடாது. துணிக்கை வரும் கரைசலில் சோடியம் ஏசைட்டு இருக்கும், அது எச்.ஆர்.பியைச் சாகடிக்கும். பிறகு பயோட்டின் ஏற்றிய பிறபொருளெதிரி 20 மைக்ரோகிராமை 100 மைக்ரோலீற்றரில் சேர்த்து, அரை மணித்தியாலம் குலுக்கி, கழுவி, ஒரு வீத பி.எஸ்.ஏயில் (மாட்டு நீர்ப்பாயப் புரதம்) இன்னும் அரை மணித்தியாலம் விடுங்கள். 100 மைக்ரோலீற்றர் பி.எஸ்.ஏ கரைசலில் மீளக் கலக்கி 4 பாகையில் வையுங்கள். உறைய விடக் கூடாது. இது முப்பது சோதனைக்கு மேல் வரும்.

சோதனை

தயாரித்த துணிக்கையில் 3 மைக்ரோலீற்றரைக் குழாயிலிட்டு, காந்தத்தில் பிடித்து நீரை அகற்றுங்கள். பத்து மடங்கு ஐதாக்கிய மாதிரி 25 மைக்ரோலீற்றர் சேர்த்துப் பதினைந்து நிமிடம் வேகமாகக் குலுக்குங்கள். 50 மைக்ரோலீற்றரால் இரண்டு தரம் கழுவுங்கள். எச்.ஆர்.பி பிறபொருளெதிரி 25 மைக்ரோலீற்றர், இன்னொரு பதினைந்து நிமிடம். செறிவை மில்லிலீற்றருக்கு 0.5 மைக்ரோகிராமிலிருந்து தொடங்கி நீங்களே சரிபார்க்க வேண்டும். மூன்று தரம் கழுவி, கடைசிக் கழுவலில் குழாயை மாற்றுங்கள். பழைய குழாயின் சுவரில் ஒட்டிய நொதியம் வெற்று மாதிரியின் (என்.எஸ்.1 இல்லாதது) அளவை உயர்த்திவிடும்.

துணிக்கைகளை 45 மைக்ரோலீற்றர் தாங்கற் கரைசலில் கலக்கி, அடியில் காந்தம் வைத்த மின்வாயின் வட்டத்தில் விடுங்கள். ஒரு நிமிடத்தில் கபிலப் படலம் வட்டத்துக்குள் சமமாய்ப் படிய வேண்டும். ஓரத்தில் பிறைபோல் ஒதுங்கினால் காந்தம் நடுவில் இல்லை.

அளவிடும் கலத்தில் பி.எச் 6.0 உள்ள 0.05 மோலர் பொசுபேற்றுக் கரைசல் 10 மில்லிலீற்றர், அதில் ஹைட்ரோகுயினோன் ஒரு மில்லிமோலர் (100 மில்லிலீற்றருக்கு 11 மில்லிகிராம்). அன்றன்றைக்குக் கரைத்து, ஈயத்தாள் சுற்றி வையுங்கள். கபிலம் ஏறியதை ஊற்றிவிடுங்கள். மின்வாயைக் கோடு வரை மட்டும் அமிழ்த்துங்கள், மேலுள்ள தொடுப்பு நனையக் கூடாது. கலக்கியபடியே வெள்ளி ஒப்பீட்டு மின்வாய் சார்பாக மறை 0.20 வோற்று கொடுங்கள். ஓட்டம் ஒரு நிலைக்கு வர ஒன்றரை இரண்டு நிமிடம் பிடிக்கும். வந்ததும் 0.1 மோலர் ஐதரசன் பேரொட்சைட்டு 50 மைக்ரோலீற்றர் விடுங்கள் (30 வீதப் போத்தலிலிருந்து 102 மைக்ரோலீற்றரை 10 மில்லிலீற்றராக்கினால் இந்தச் செறிவு வரும்). நொதியம் ஹைட்ரோகுயினோனைக் குயினோனாக்கும். மின்வாய் அதைத் திரும்பத் தாழ்த்தும். புதிய நிலை ஓட்டத்திலிருந்து பழையதைக் கழித்தால் வருவதே உங்கள் அளவு.

ஒவ்வொரு நாளும் வெற்று மாதிரி குறைந்தது மூன்று வேண்டும். அதோடு மில்லிலீற்றருக்கு 1, 10, 100 நானோகிராம். வெற்றின் சராசரியோடு நியம விலகலின் மும்மடங்கைக் கூட்டினால் கிடைப்பது உங்கள் எல்லை. அதற்குக் கீழே உள்ளதை “சற்று இருக்கிறது” என்று எழுத வேண்டாம்.

எங்கே பிழைக்கும்

முதலில் தண்ணீர். கல்லடி, காத்தான்குடி மாதிரிக் கடலோரக் கிணறுகளில் குளோரைட்டு மாறிக்கொண்டே இருக்கும். வெள்ளி ஒப்பீட்டு மின்வாயின் அழுத்தம் குளோரைட்டைப் பார்த்தே நிற்கிறது. அதன் செறிவு பத்து மடங்கு மாறினால் சுமார் 59 மில்லிவோற்று நகரும். அயன் நீக்கிய நீர் தவிர வேறெதிலும் கரைசல் செய்ய வேண்டாம், வடிகட்டிய குடிநீரிலும் வேண்டாம்.

கச்சான் வீசும் மாதங்களில் மின்விசிறிக்குக் கீழே வேலை செய்தால் 25 மைக்ரோலீற்றர் கண்முன்னே சுருங்கும். ஒருதரம் காய்ந்த துணிக்கை கட்டியாகும். எவ்வளவு குலுக்கினாலும் பிரியாது. மூடியைத் திறந்து வைக்காதீர்கள். மாரியில் பிரச்சினை வேறு: மின்வாய்ப் பொதியைச் சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடாவிட்டால் வெள்ளி கறுக்கும். மின்சாரம் போனால் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காதீர்கள். நொதியம் ஏற்றிய பிறபொருளெதிரிக்குத் தனியாக ஐஸ் பெட்டி ஒன்று இருக்கட்டும்.

எல்லா மாதிரியும் பூச்சியம் காட்டினால், எச்.ஆர்.பி பிறபொருளெதிரி ஒரு மைக்ரோலீற்றரை நேரே கலத்தில் விட்டுப் பாருங்கள். ஓட்டம் பாய்ந்தால் கோளாறு துணிக்கையிலோ பிடிக்கும் பிறபொருளெதிரியிலோ. பாயாவிட்டால் பழைய பேரொட்சைட்டு, செத்த நொதியம், நனைந்த தொடுப்பு என்று வரிசையாகப் பாருங்கள்.

நேரத்தை இன்னும் குறைக்க, மாதிரியையும் எச்.ஆர்.பி பிறபொருளெதிரியையும் ஒன்றாகப் போடும் யோசனை எல்லோருக்கும் வரும். டெங்கு நீர்ப்பாயத்தில் அது ஆபத்து. என்.எஸ்.1 சிலரில் மில்லிலீற்றருக்குப் பல மைக்ரோகிராம் வரை ஏறும். அவ்வளவு இருந்தால் துணிக்கையில் ஒரு பகுதியும் நொதியத்தில் இன்னொரு பகுதியும் தனித்தனியே நிரம்பி, கூடிய மாதிரி குறைவாகக் காட்டும். இடையில் கழுவும் இரண்டு படியையே பிடியுங்கள். சந்தேகமானதை நூறு மடங்கு ஐதாக்கியும் ஓடவிடுங்கள். இரண்டாம் தரம் டெங்கு வந்தவரிடம் பழைய பிறபொருளெதிரிகள் என்.எஸ்.1ஐ மூடிக்கொள்வதால், இந்த முறையிலும் “இல்லை” என்று வரலாம்.

நீர்ப்பாயம் பட்ட குழாய், நுனி, மின்வாய் எல்லாம் பத்து மடங்கு ஐதாக்கிய வீட்டுப் பிளீச்சில் அரை மணித்தியாலம் ஊறட்டும். ஹைட்ரோகுயினோன் மீன்களுக்கு நஞ்சு; வடிகாலில் ஊற்றாமல் தனிப் போத்தலில் சேர்த்து ஆய்வுகூட இரசாயனக் கழிவோடு கொடுங்கள். மின்வாயைக் கழுவித் திரும்பப் பாவித்தால் அடுத்த மாதிரியின் வெற்றில் முந்தியதன் நொதியம் நிற்கும், ஒரு மாதிரிக்கு ஒரு மின்வாய்தான்.