ஃபிரிட்ஜ் நாறுகிறதா? எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டு இடத்தைத் தேடுங்கள்

ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பது என் தொழில். கூப்பிட்டுப் போகிற பல வீடுகளில் மெஷினில் ஒரு குறையும் இருக்காது. கதவைத் திறந்தால் மட்டும் குமட்டும். ஒரு மூலையில் பாதி எலுமிச்சம்பழமோ, திறந்து வைத்த சமையல் சோடாவோ இருக்கும். கழுவி முடித்த பிறகு மிச்சமிருக்கும் லேசான வாடையை இழுக்க அவை கொஞ்சம் உதவலாம். நாறுகிற இடம் உள்ளே அப்படியே இருக்கும்போது அவற்றால் ஒன்றும் ஆகாது. நாற்றம் எங்கேயோ ஓர் இடத்திலிருந்து வருகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஈரக்கையோடு வேலை செய்யப் போகிறீர்கள். சாமான்களை வெளியே எடுத்து, சீக்கிரம் கெடக்கூடியவற்றை ஐஸ் போட்ட பெட்டியில் வையுங்கள். பால், இறைச்சி, சமைத்த உணவு எல்லாம் சாதாரண அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பூஞ்சை பிடித்த மென்மையான பண்டத்தில் மேலே தெரிவதை மட்டும் வழித்துவிட்டுச் சாப்பிடாதீர்கள். அதன் இழைகள் உள்ளே ஓடியிருக்கும். முகர்ந்து பார்க்காமல், ஒரு பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். ஐஸ் கட்டிகளையும் கொட்டிவிடுங்கள், அவை வாடையை நன்றாகப் பிடித்து வைத்திருக்கும்.

தட்டுகளையும் காய்கறி டிராயரையும் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவுங்கள். கண்ணாடித் தட்டைச் சில்லென்று இருக்கும்போதே சுடுநீரில் வைத்தால் விரிசல் விடும், குளிர் போகட்டும். கண்ணாடிக்கும் அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் விளிம்புக்கும் நடுவில் விரலை ஓட்டிப் பாருங்கள். எப்போதோ சிந்திய பால் அங்கே காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருக்கும். பல மாடல்களில் அந்த விளிம்பு கழன்று வரும்.

உள்சுவருக்கு என்ன போடுவது என்பது நாற்றத்தைப் பொறுத்தது. புளித்த வாடை, கெட்ட பால் வாடை என்றால் அது அமிலத்தால் வருவது. 1 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 2 மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்துத் துடைத்தால் அடங்கும். மீனின் கவிச்சிக்குக் காரணம் காரத்தன்மை உள்ள பொருள்கள். அதற்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக ஊற்றிவிடாதீர்கள். நுரை பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். ஒன்றால் துடைத்து, வெறும் தண்ணீரில் அலசிய துணியால் ஒற்றியெடுத்த பிறகு மற்றதற்குப் போங்கள்.

இனி பூஞ்சை. கதவைச் சுற்றியுள்ள ரப்பரின் மடிப்பை விரலால் விலக்குங்கள், குறிப்பாகக் கீழ்ப்பக்கத்தையும் கீல் இருக்கும் பக்கத்தையும். கறுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். வெளிக்காற்றின் ஈரம் அந்தக் குளிர்ந்த ரப்பரில் வியர்க்கிறது, உணவுத் துணுக்கும் மடிப்பில் சேர்கிறது, பூஞ்சைக்கு அது போதும். குளிர் அதன் வளர்ச்சியை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. காய்ந்த பிரஷால் தேய்த்தால் துகள் பறக்கும். அதனால் கையுறையும் முகக்கவசமும் போட்டு, சோப்பு நீரில் நனைத்த பழைய பல் துலக்கியால் மெதுவாகத் தேயுங்கள். அப்புறம் 4 லிட்டர் நீரில் 1 மேசைக்கரண்டி, வாசனை சேர்க்காத பிளீச் கலந்து, அதில் துணியை நனைத்து மடிப்புக்குள் ஒற்றுங்கள். சுமார் 10 நிமிடம் கழித்து நல்ல தண்ணீரால் துடைத்து, ஈரம் இல்லாமல் உலர்த்துங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். பிளீச்சை வினிகரோடு சேர்த்தால் குளோரின் வாயு வரும், அமோனியா உள்ள கிளீனரும் அதோடு சேரக் கூடாது. இந்த எச்சரிக்கையைத் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள், மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம்.

ரப்பர் சரியாக மூடுகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். பிடிமானமே இல்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ஈரக்காற்று உள்ளே போகிறது. வெடித்துப் போன ரப்பரை மட்டும் தனியாக மாற்ற முடியும், கதவையே மாற்ற வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும் நாற்றம் போகவில்லை என்று சொல்பவர்கள் வீட்டில் நான் நேராகப் பார்ப்பது வடிகால் துளையைத்தான். பெரும்பாலும் காய்கறி டிராயருக்குப் பின்னால், பின்சுவரின் அடியில் ஒரு சின்னப் பள்ளமும் அதில் ஒரு துளையும் இருக்கும். பனி உருகும் தண்ணீர் அது வழியாக இறங்கி, பின்பக்கம் கம்ப்ரசர் மேல் உள்ள தட்டில் விழுந்து, அந்தச் சூட்டில் ஆவியாகும். துளையில் இலைத் துணுக்கு அடைத்தால் தண்ணீர் தேங்கிக் கொழகொழவென்று பிடித்துவிடும். ஊசியோ கம்பியோ விடாதீர்கள், குழாய் கிழியும். வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் அடைப்பைத் தள்ளி, ஊசியில்லாத சிரிஞ்சால் சோடா கரைத்த வெதுவெதுப்பான நீரைச் செலுத்துங்கள். நீர் தடையில்லாமல் இறங்கும் சத்தம் கேட்க வேண்டும். பின்தட்டைக் கையால் உருவ முடிந்தால், கம்ப்ரசர் ஆறியதும் எடுத்துக் கழுவுங்கள். திருகு போட்டிருந்தால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

கழுவியதும் கதவைத் திறந்தே வைத்து, ஃபேன் காற்று படும்படி நாள் முழுக்க உலர விடுங்கள். சிறுபிள்ளைகள் இருக்கும் வீடென்றால் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். காலியான ஃபிரிட்ஜுக்குள் பிள்ளை ஏறிவிட்டால் கதவு மூடிக்கொள்ளும். மீதி வாடைக்கு, அகலமான தட்டில் ஆக்டிவேட்டட் கரியை, அதாவது வாடையை இழுப்பதற்கென்றே பதப்படுத்திய கரியை, பரப்பி வையுங்கள். டப்பாவில் குவித்து வைத்தால் மேலடுக்கு மட்டும்தான் வேலை செய்யும்.

மறுபடி ஓட விட்டதும் உள்ளே 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமலும், ஃப்ரீசர் மைனஸ் 18-லும் இருக்கட்டும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ, அதாவது பனியைத் தானே உருக்கிக்கொள்ளும் மாடல் பலவற்றில் ஒரே ஃபேன்தான் இரண்டு அறைக்கும் காற்றை அனுப்புகிறது. அதனால் ஃப்ரீசரில் மூடாமல் வைத்த மீன் கீழே உள்ள பாலையும் கெடுக்கும். அங்கேயும் மூடி போட்ட டப்பாதான் வேண்டும்.

நீண்ட மின்தடையில் இறைச்சி கெட்டு அதன் நீர் சுவருக்குள் இருக்கும் ஃபோமில் இறங்கியிருந்தால், எந்தக் கழுவலும் அதை எட்டாது. அந்த ஃபிரிட்ஜை மாற்றுவதுதான் வழி. வயர் எரிகிற மாதிரி வாடை வந்தாலோ கழுவும் பேச்சே வேண்டாம். உடனே பிளக்கைப் பிடுங்கி, ஆளை வரச் சொல்லுங்கள்.