அச்சாருக்குக் கடுகு அரைக்கும்போது பச்சைத் தண்ணீர்தான் சேர்க்கணும்

மொரீஷியஸில் நாம் போடுகிற காய்கறி அச்சாருக்கு, அதாவது காய்கறி ஊறுகாய்க்கு, உயிரே அரைத்த கடுகுதான். ஆனால் பல பேர் கடுகைப் பொடித்து நேராகச் சூடான எண்ணெயில் கொட்டிவிடுகிறார்கள், அப்புறம் மூக்கில் ஏறுகிற அந்தக் காரம் வரவில்லை என்று கடுகைக் குறை சொல்கிறார்கள்.

முழுக் கடுகில் காரம் கிடையாது. உடைத்து ஈரம் பட்ட பிறகுதான் அதிலிருக்கும் மைரோசினேஸ் என்ற நொதி வேலை செய்து காரத்தை உண்டாக்கும். சூடு பட்டால் அந்த நொதி செத்துவிடும். அதனால் கடுகைப் பொடித்து, பச்சைத் தண்ணீர் கொஞ்சம் விட்டுக் குழைத்து, ஒரு 10 நிமிடம் அப்படியே விடுங்கள், வாசனையே சொல்லிவிடும். அதற்குப் பிறகு வினிகர் ஊற்றினால் காரம் சீக்கிரம் இறங்காது. முதலிலேயே ஊற்றினால் காரம் சரியாக ஏறாது. மஞ்சள், பூண்டு வதக்கிய எண்ணெய் நன்றாக ஆறட்டும், கடைசியில் கடுகு விழுதைக் கலந்து கோஸ், கேரட், பீன்ஸோடு பிரட்டுங்கள்.

தாளிப்புக்கு இது பொருந்தாது, அங்கே கடுகு முழுசாகப் பொரிந்தால்தான் மணம்.

உடம்புக்கு? செலினியமும் மக்னீசியமும் இருக்கிறது, ஆனால் ஒரு ஸ்பூன் கடுகை மருந்தாக நினைக்க வேண்டாம். எனக்குப் பிடித்த உபயோகம் வேறு: வேகவைத்த ப்ரொக்கோலி மேல் கடுகுப் பொடி தூவுவது. வேகும்போது ப்ரொக்கோலி இழந்த அதே நொதியைக் கடுகு திருப்பிக் கொடுப்பதால், சல்ஃபோராஃபேன் என்ற நல்ல சத்து கூடுதலாகக் கிடைக்கும். கடுகு ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் தொடவே வேண்டாம்.