மஞ்சளுக்கு லைட்டில் வைத்த பிள்ளை: அன்றும் பின்னாளிலும் கவனிக்க வேண்டியவை

குமரி மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளத்திலோ தக்கலையிலோ பிரசவமாகி, மூன்றாம் நாள் "பிள்ளைக்கு மஞ்சள் கூடுதல், லைட்டில் வைக்கணும்" என்று டாக்டர் சொன்னால், கூட நிற்கிற பாட்டி முதலில் கேட்பது கண்ணைப் பற்றித்தான். அடுத்த கேள்வி, வளர்ந்தபின் ஏதாவது வருமா என்பது. இந்த லைட்டை மருந்தாக நினைத்துக்கொள்ளுங்கள். அளவு தேவைக்கு மிஞ்சவும் கூடாது, குறையவும் கூடாது.

இதில் வருவது புற ஊதாக் கதிர் அல்ல. 460 முதல் 490 நானோமீட்டர் வரையான நீல ஒளி. மஞ்சள் நிறத்தைத் தருகிற பிலிருபின் என்ற பொருளை, தோலிலேயே நீரில் கரையும்படி இது மாற்றுகிறது. அது மலத்திலும் மூத்திரத்திலும் போய்விடுகிறது. அதனால்தான் அந்த நாட்களில் பச்சையாக, இளக்கமாகப் போகும். பயப்பட வேண்டாம்.

சிறிய டயப்பர் தவிர துணி வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். கண்கட்டை அடிக்கடி பாருங்கள்: மேலே ஏறினால் கண்ணில் வெளிச்சம் படும், கீழே நழுவினால் மூக்கை அடைக்கும். இரண்டாவதுதான் ஆபத்து. 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, கண்கட்டைக் கழற்றிப் பால் கொடுங்கள். பிலிருபின் அளவு மிக உயர்ந்திருந்தால் மட்டும் எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் இருக்கணும். தீவிர சிகிச்சைக்கு ஒளியின் வலு ஒரு சதுர சென்டிமீட்டரில், ஒரு நானோமீட்டருக்கு குறைந்தது 30 மைக்ரோவாட் வேண்டும். அதை அளக்க மீட்டர் உண்டு. பழைய டியூப்கள் கண்ணுக்குப் பளிச்சென்று எரிந்தாலும் வலு குறைந்திருக்கலாம். மஞ்சள் இறங்கவில்லையென்றால் மீட்டர் வைத்துப் பார்த்தார்களா என்று கேட்பதில் தப்பில்லை.

இளவெயில் இதற்கு ஈடாகாது. ஆனிச் சாரலிலும் ஐப்பசி அடைமழையிலும் நம்மூரில் அந்த வெயிலும் கிடைக்காது. சீனித் தண்ணியும் கீழாநெல்லிச் சாறும் வயிற்றை நிரப்பிப் பாலைக் குறைக்கும். மலம் தங்கினால் பிலிருபின் திரும்ப ரத்தத்தில் ஏறும். பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்த துணியை உடுத்தவே கூடாது. ரத்த அணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பிள்ளைக்கு அந்த வாடையே ரத்த அணுக்களை உடைத்துவிடும்.

இனி நாள்பட்ட பயம். அமெரிக்காவில் 1974 முதல் 1976 வரை பிள்ளைகளைச் சேர்த்து நடத்திய ஆய்வில், லைட்டில் வைத்த பிள்ளைகளையும் வைக்காதவர்களையும் 6 வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். மூளை வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை. பிறகு கலிபோர்னியாவில் சுமார் 5 லட்சம் பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். புற்றுநோயோடு முதலில் தெரிந்த தொடர்பு, மற்றக் காரணங்களைக் கழித்ததும் உறுதியாக நிற்கவில்லை. வலிப்பு மட்டும் 1000 பேரில் இரண்டு மூன்று பேருக்குக் கூடுதலாகத் தெரிந்தது, அதுவும் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளில். லைட்டே காரணம் என்று இதனால் முடிவாகவில்லை. ஆனால் லேசான மஞ்சளுக்கு 'எதுக்கும் இருக்கட்டும்' என்று வைப்பதை இது தடுக்க வேண்டும். 1 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இன்னும் எச்சரிக்கை தேவை. மறுபக்கம், உயர்ந்த பிலிருபினை விட்டுவைத்தால் வருவது காது கேளாமையும் கைகால் முறுக்கமும், அவை மாறாது.

லைட்டிலிருந்த தோல் வெளுத்துத் தெரியும், நிறத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். ரத்தப் பரிசோதனைதான் கணக்கு. நிறுத்தியபின் மறுபடி ஏறலாம். தாயின் ரத்தப் பிரிவோடு பொருந்தாத பிள்ளை, 38 வாரத்துக்குமுன் பிறந்த பிள்ளை என்றால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபடி பாருங்கள். டிஸ்சார்ஜ் தாளில் பிலிருபின் அளவுகள், லைட் தொடங்கிய, நிறுத்திய நேரம், ரத்தப் பிரிவு எல்லாம் எழுதி வாங்குங்கள்.

பிள்ளை பால் குடிக்காமல் தூங்கி வழிந்தாலோ, கீச்சென்று அழுதாலோ, முதுகை வில்லாக வளைத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 14 நாளுக்குப் பிறகும் மஞ்சள் இருந்தால் மலத்தைப் பாருங்கள்: சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால், அல்லது மூத்திரம் துணியில் மஞ்சள் கறை விட்டால், பித்தக்குழாய் அடைப்பா என்று உடனே பார்க்கணும். அறுவை வேண்டியிருந்தால் 60 நாளுக்குள் செய்வதே நல்லது.

பிலிருபின் மிக உயர்ந்து போயிருந்த பிள்ளைக்கு, காதில் சிறு கருவி வைத்துப் பார்க்கும் சாதாரணச் சோதனை போதாது. நரம்புப் பாதிப்பு இருந்தும் அது 'பாஸ்' காட்டிவிடும். சத்தம் காது நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா (BERA) சோதனை எழுதித் தரச் சொல்லுங்கள்.