குரோனிக்கிள் பதிப்பிக்க வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடைக்கால இங்கிலாந்தின் குரோனிக்கிள்களை, அதாவது மடாலயத் துறவிகளும் குருமார்களும் ஆண்டு வாரியாக எழுதிவைத்த வரலாறுகளை, பதிப்பிக்க வரும் இளம் ஆய்வாளர்களின் மாதிரிப் பக்கங்களை அடிக்கடி படித்துப் பார்க்கிறேன். நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சுருக்கக் குறியைத் தப்பாக விரிப்பது, ஒரே சொல் அடுத்தடுத்த வரிகளில் வந்தால் நடுவில் இருப்பதைத் தவறவிடுவது போன்றவை இரண்டாம் முறை ஒப்பிட்டாலே அகப்பட்டுவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். அகப்படாமல் அச்சு வரைக்கும் போய்விடுகிறவற்றைப் பற்றித்தான் இது.

பழைய அச்சுப் பதிப்பிலிருந்து தொடங்குவது

இடைக்காலக் குரோனிக்கிள்களை அச்சிட்ட ரோல்ஸ் வரிசை 1858 முதல் பிரிட்டிஷ் அரசின் செலவில் வெளிவந்தது. இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை அப்படியே கணினியில் இறக்கிவைத்துக்கொண்டு, கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்தினால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. அச்சில் படித்ததையே கண் பிரதியிலும் படிக்கும். அந்த வரிசையின் பதிப்பாசிரியர்களில் ஒருவரான வில்லியம் ஸ்டப்ஸ் எழுதிய முன்னுரைகளை இன்றும் மரியாதையோடு படிக்கிறேன், ஆனால் அதே வரிசையில் அவசரமாக முடித்த பதிப்புகளும் இருக்கின்றன. முதலில் பிரதியைப் பார்த்து நீங்களே படியெடுங்கள். அச்சை அப்புறம் திறக்கலாம்.

எழுதியவரே செய்த மாற்றத்தைப் பாடபேதம் (பிரதிக்குப் பிரதி மாறும் வாசகம்) என்று அடிக்குறிப்பில் தள்ளுவது

இதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பதிப்புக் கலை வகுப்பில் முதலில் கற்றுத்தருவது இதைத்தான்: பிரதிகளை ஒப்பிடு, பொதுவான பிழைகளை வைத்து எது எதிலிருந்து வந்தது என்று வம்சாவளி போடு, தொலைந்துபோன மூலத்தை மீட்டெடு. எழுதியவர் இறந்து பல நூறு ஆண்டுகள் கழித்துப் படியெடுத்த பழைய ரோமானிய நூல்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். குரோனிக்கிள் எழுதியவரின் நிலை வேறு. அவர் எழுதிய ஏடு அவருடைய மடாலயத்திலேயே இருக்கிறது, அவரும் உயிரோடு இருக்கிறார், அரசர் மாறுகிறார், ஆதரித்த பிரபு மாறுகிறார், ஒருநாள் அந்த ஏட்டை மறுபடி எடுத்து உட்காருகிறார். இரண்டு பிரதிகள் வேறுபட்டால் படியெடுத்தவர் தூங்கிவிட்டார் என்று உடனே முடிவுகட்டக் கூடாது.

செயின்ட் ஆல்பன்ஸ் மடாலயத்து மேத்யூ பாரிஸ் 1217இல் துறவியானவர், 1259இல் இறந்தார். அவருடைய பெரிய குரோனிக்கிளின் முதல் இரு பாகங்கள், அவர் கைபட்ட ஏடுகளாகவே கேம்பிரிட்ஜின் கார்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் இருக்கின்றன. அரசரைப் பற்றியும் பெரிய மனிதர்களைப் பற்றியும் காரமாக எழுதிய சில இடங்களின் ஓரத்தில், இது மனத்தைப் புண்படுத்தும், விட்டுவிடலாம் என்ற பொருளில் லத்தீனில் குறித்துவைத்திருக்கிறார். பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள அவருடைய இங்கிலாந்து வரலாற்றில் சில வரிகளைச் சுரண்டிவிட்டு மேலேயே வேறு வாசகம் எழுதியிருக்கிறார். முதலில் என்ன எழுதினார், பிறகு எதை வேண்டாம் என்று நினைத்தார், அந்த இடத்தில் எதைப் போட்டார் என்று மூன்று செய்திகள் நமக்குக் கிடைக்கின்றன. 'நல்ல பாடம்' என்று ஒன்றை மட்டும் மேலே போட்டு மற்றதைப் பொடி எழுத்தில் கீழே தள்ளினால், மூன்றில் இரண்டு செய்திகளைப் பெரும்பாலான வாசகர்கள் பார்க்கவே மாட்டார்கள்.

ஒருவர் அதே செயின்ட் ஆல்பன்ஸின் பிற்காலத் துறவி தாமஸ் வால்சிங்ஹாமின் குரோனிக்கிளிலிருந்து சில பக்கங்களைப் பதிப்பித்துக் கொண்டுவந்தார். 1376 நாடாளுமன்றத்தை ஒட்டி, மூன்றாம் எட்வர்டின் மகன் ஜான் ஆஃப் காண்ட்டை வால்சிங்ஹாம் கடுமையாகத் தாக்கி எழுதிய பகுதி அது. அந்தக் காரம் வேறு பிரதிகளில் தணிக்கப்பட்டிருக்கிறது. கொண்டுவந்தவர் என்ன செய்திருந்தார் என்றால், ஒரு வாக்கியத்தைக் காரமான பிரதியிலிருந்து எடுத்தார், அடுத்த வாக்கியத்தை, லத்தீன் சீராக இருக்கிறது என்பதற்காக, தணிந்த பிரதியிலிருந்து எடுத்தார், அப்புறம் இரண்டையும் ஒட்டிவிட்டார். படிக்க அருமையாக இருந்தது. ஆனால் வால்சிங்ஹாம் எந்த நாளிலும் அப்படி ஒரு பக்கத்தை எழுதவில்லை. 1399இல் காண்ட்டின் மகன் நான்காம் ஹென்றியாக அரியணை ஏறினார். அரசருடைய தந்தையைத் தூற்றும் பக்கங்களை வைத்திருப்பது அதன்பிறகு ஒரு மடாலயத்துக்கு எவ்வளவு சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள். மாற்றங்கள் எப்போது, எந்த வரிசையில் நடந்தன என்று ஆராய வேண்டுமானால் பிரதிகளின் வாசகம் தனித்தனியாகக் கண்முன் இருந்தாக வேண்டும். ஒட்டுப்போட்ட பாடம் அந்தத் தடயத்தையே அழித்துவிடுகிறது.

இதனால் வரலாறே தடம் மாறியதும் உண்டு. இரண்டாம் ஹென்றியின் காலத்தைப் பற்றிய ஒரு குரோனிக்கிள் பீட்டர்பரோ மடத்தலைவர் பெனடிக்டின் பெயரில் வழங்கிவந்தது. ஸ்டப்ஸ் அதை 1867இல் பதிப்பித்தார். ஹௌடன் ஊர் ரோஜரின் குரோனிக்கிளை 1868க்கும் 1871க்கும் இடையே தனியாகப் பதிப்பித்தார். முன்னது ரோஜரே எழுதிய முதல் வடிவம் என்று டோரிஸ் ஸ்டென்டன் 1953இல் வாதிட்டார், அறிஞர்கள் பெரும்பாலும் அதை ஏற்றுக்கொண்டார்கள். அப்படியானால் இரண்டு சாட்சிகள் என்று எண்ணிய இடத்தில் இருப்பது ஒரே சாட்சி, வேறுவேறு சமயங்களில் சொன்னது.

சரி, என்ன செய்யலாம்? எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளை ஒதுக்கிவிட்டு, பொருள் மாறுகிற இடங்களை மட்டும் ஒரு பட்டியலாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அந்த இடத்தில் யாரைப் பற்றிப் பேசுகிறார், அந்தப் பிரதி உருவான காலத்தில் அரசர் யார், மடத்தலைவர் யார் என்று குறியுங்கள். ஒரே மாதிரி முடியும் சொற்களைச் சுற்றியே வேறுபாடுகள் இருந்தால் பெரும்பாலும் படியெடுத்தவரின் கைப்பிழை. குறிப்பிட்ட ஆட்களைச் சுற்றியே இருந்தால் எழுதியவரைச் சந்தேகியுங்கள். அப்படிப்பட்ட பகுதிகளை அருகருகே இரண்டு பத்திகளாக அச்சிடுங்கள். ஹன்டிங்டன் ஊர் ஹென்றி தான் எழுதிய இங்கிலாந்து வரலாற்றை 1154 வரை நீட்டியும் மாற்றியும் எழுதிக்கொண்டே இருந்தவர். டயானா கிரீன்வே 1996இல் கொண்டுவந்த பதிப்பில் அந்தப் படிநிலைகளைப் பொறுமையாகப் பிரித்துக் காட்டியிருப்பதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பக்கம் கூடுகிறது, செலவு கூடுகிறது என்று பதிப்பகம் சொல்லும். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆண்டைத் 'திருத்துவது'

கேன்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட் கொல்லப்பட்டது 1170 டிசம்பர் 29. கிறிஸ்துமஸில் ஆண்டைத் தொடங்குகிறவருக்கு அது 1171, அதில் பிழை எதுவும் இல்லை. மூலத்தில் உள்ளதை அப்படியே விட்டுவிட்டு நம் கணக்கை ஓரத்தில் போடுங்கள். ஜான் மன்னருக்கு இன்னும் கவனம் தேவை. அவருடைய ஆட்சியாண்டு இயேசுவின் விண்ணேற்றத் திருநாளில் தொடங்கும், அந்தத் திருநாளோ ஆண்டுதோறும் நகரும். அவருடைய 14ஆம் ஆட்சியாண்டு 1212 மே 3 முதல் 1213 மே 22 வரை நீள்கிறது, ஆக அந்த ஆண்டுக்குள் மே 10 இரண்டு முறை வருகிறது.

லத்தீனைச் செம்மைப்படுத்துவது

குரோனிக்கிள் எழுதியவர்கள் பழைய ரோமின் சிசரோ காலத்து லத்தீன் எழுதவில்லை. தொடாதீர்கள்.

படத்தோடு நிறுத்திக்கொள்வது

சுரண்டிய தடம் பிரதியின் சாதாரணப் புகைப்படத்தில் பல நேரம் தெரியாது. நேரில் போய், தோல் ஏட்டைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள், நூலகம் அனுமதித்தால் புற ஊதா விளக்கிலும் பாருங்கள்.

பெயரடைவைக் கடைசிக்குத் தள்ளுவது

முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். ஒவ்வொரு ஊர்ப்பெயரும் எந்த ஊர் என்று தேடிப்போகும்போதுதான் பாடத்தில் தப்பாகப் படித்த இடங்கள் பிடிபடும்.