சிறப்புப் படையிலிருந்து திரும்பியவரோடு வாழப் பழகுதல்: நெல்லைக் குடும்பங்களுக்கு ஒரு கையேடு

நெல்லைச் சீமையில் பட்டாளத்துக்காரர் இல்லாத ஊர் குறைவு. ஆனால் அவர்களில் மிகச் சிலரே தரைப்படையின் பாரா சிறப்புப் படை, கடற்படையின் மார்க்கோஸ், கருப்புப் பூனை என்று ஊரார் அழைக்கும் தேசியப் பாதுகாப்புப் படை போன்ற பிரிவுகளுக்குள் நுழைகிறார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் நாற்பது வயதை ஒட்டியே ஓய்வுபெற்று ஊருக்கு வந்துவிடுகிறார்கள். அதன் பிறகு கழிக்க வேண்டிய முப்பது, நாற்பது ஆண்டுகளைப் பற்றி அவருக்கும் யாரும் சொல்லித் தருவதில்லை, வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லித் தருவதில்லை. இந்தக் கையேடு வீட்டில் உள்ளவர்களுக்காக எழுதப்பட்டது.

முதல் வேலை, எது பணியால் வந்த மாற்றம், எது அவருடைய பிறவிக் குணம் என்று பிரித்துப் பார்ப்பது. சிறப்புப் படைக்குத் தாமாக முன்வருபவர்களை மட்டுமே சேர்க்கிறார்கள். அப்படி முன்வருபவர்களிலும் மிகப் பலர் தகுதிகாண் காலத்திலேயே தங்கள் பழைய யூனிட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். எனவே எஞ்சி நிற்பவர் ஏற்கெனவே சற்று வேறுபட்ட மனிதர். அமெரிக்க இராணுவத்தின் உயிர்பிழைப்புப் பயிற்சியில் வீரர்களின் இரத்தத்தை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று, கடும் நெருக்கடியில் சிறப்புப் படையினருக்கு நியூரோபெப்டைட் ஒய் என்னும் பொருள் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சுரந்ததைக் காட்டியது. கலக்கத்தை அடக்கி நிதானம் தருவதில் பங்குள்ள பொருள் அது. பயிற்சியும் தன் பங்குக்கு ஆளை மாற்றவே செய்கிறது. ஜெர்மனியில் இராணுவப் பணிக்குப் போன இளைஞர்களையும், அதற்கு மாற்றாகக் குடிமைப் பணிக்குப் போனவர்களையும் ஒப்பிட்டு 2012-இல் வெளியான ஆய்வில், இராணுவத்துக்குப் போனவர்களிடம் பிறரோடு இணங்கிப்போகும் தன்மை குறைவாக இருந்ததும், ஐந்து ஆண்டுகள் கழித்தும் அந்த வேறுபாடு மறையாமல் இருந்ததும் தெரியவந்தது. அவர்கள் சாதாரண இராணுவப் பயிற்சி பெற்றவர்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இதைவிடக் கடினமான வாழ்க்கையில் இருந்தவர், வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதமே பழைய ஆளாக மாறிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பனையேறியின் மார்பிலும் பாதத்திலும் காய்த்துப்போன தோல், அவர் தொழிலை விட்ட மறுநாளே மென்மையாகிவிடுவதில்லை. அது மரம் கேட்ட தோல்.

வந்து இறங்கிய முதல் வாரங்களில் விருந்து, சொந்தக்காரர் வருகை, பெண் பார்ப்பது, நிலப் பிரச்சினை ஆகியவற்றைத் தள்ளி வையுங்கள். ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய தன் வீரர்களை பிரிட்டன் நேரே வீட்டுக்கு அனுப்பாமல், சைப்ரஸ் தீவில் ஓரிரு நாள் தங்கவைத்து அனுப்பியதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த இடைவெளியை முன்பு இரயில் தந்தது. ஜம்முவிலிருந்து நெல்லைச் சந்திப்புக்கு வந்து சேர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். இப்போது ஸ்ரீநகரில் விமானம் ஏறுபவர் மறுநாள் விடிவதற்குள் வீட்டு நடையில் நிற்கிறார். அந்த மூன்று நாளை நீங்கள்தான் வீட்டில் உண்டாக்கித் தர வேண்டும்.

அடுத்து அவருடைய காதுகளைக் கவனியுங்கள். மனத்தைப் பற்றிக் கவலைப்படும் குடும்பங்கள் காதை மறந்துவிடுகின்றன என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். துப்பாக்கிச் சத்தத்தின் உச்சம் 140 டெசிபலைத் தாண்டும். அதோடு வெடிகுண்டுப் பயிற்சியும் சேரும்போது முதலில் பழுதாவது உயர்ந்த சுருதியைக் கேட்கும் திறன். குழந்தைகளின் குரலும் பெண்களின் மெல்லிய பேச்சும் அந்தச் சுருதியில்தான் அதிகம் ஒலிக்கின்றன. அடுப்படியிலிருந்து மனைவி கூப்பிடுவது அவருக்குக் கேட்காது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மாமனாரின் கனத்த குரல் கேட்கும். "நான் சொன்னா மட்டும் காதுல விழாது" என்று தொடங்கும் சண்டைகளில் ஒரு பகுதி உண்மையிலேயே காதுச் சண்டைதான். சிலருக்கு ஓயாமல் ரீங்காரமும் இருக்கும். இரவின் அமைதியில் அது கூடுதலாகத் தெரிந்து தூக்கத்தைக் கெடுக்கும். மிக்சியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டு, முகத்துக்கு நேராக நின்று பேசுங்கள். காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை கேட்டல் சோதனை செய்துவிடுவது, பல மாத மனத்தாங்கலைத் தவிர்க்கும். பாராசூட்டில் குதித்தும் பெருஞ்சுமை தூக்கி நடந்தும் தேய்ந்த முழங்காலும் இடுப்பும் இப்படிப்பட்டவையே. அவர் பந்தியில் சம்மணமிட்டு உட்கார மறுத்தால் அதைப் பட்டாளத்துத் திமிர் என்று சொல்வதற்கு முன் நாற்காலி ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

தூங்குகிறவரைத் தொட்டு எழுப்பாதீர்கள். குழந்தைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். கால்மாட்டில் சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். கனவில் கத்தும்போதும் இதே முறைதான். அவர் கை ஓங்கிக்கொண்டு விழித்தால், எங்கே இருக்கிறோம் என்பது அவருக்கு விளங்கும்வரை தள்ளியே நில்லுங்கள். ஓரிரு நொடிகளில் அவருக்கே தெளிந்துவிடும்.

சாலையில் அவர் வண்டி ஓட்டும் விதமும் மாறியிருக்கும். ஸ்ரீநகரில் தொடங்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் கயத்தாறு, நெல்லை, நாங்குநேரி, பணகுடி வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகிறது. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் மத்திய ரிசர்வ் காவல் படையினர் 40 பேர் குண்டுவெடிப்பில் உயிரிழந்ததும் இதே சாலையில்தான். அந்த முனையில் பணியாற்றியவர், நாங்குநேரி அருகே ஓரத்தில் கிடக்கும் சாக்குமூட்டையைக் கண்டதும் வண்டியை நடுச்சாலைக்கு ஒடித்தால், அவருடைய கண் இன்னும் அங்கேயே வேலை செய்கிறது என்று பொருள். பக்கத்தில் இருந்து கத்தாதீர்கள். சில மாதங்கள் வேறொருவர் ஓட்டட்டும், அல்லது நெடுஞ்சாலையைத் தவிர்த்துக் கிராமச் சாலைகளில் அவர் ஓட்டிப் பழகட்டும்.

நம் பக்கத்துக்கே உரிய சங்கடம் கோயில் கொடை. சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் வேட்டு இல்லாமல் கொடை நடப்பதில்லை. சில ஊர்களில் கல்குவாரி வெடியும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது. அவரை உலுக்குவது சத்தத்தைவிட, அது எதிர்பாராமல் வருவதுதான். வில்லுப்பாட்டு எப்போது முடியும், சாமக்கொடைக்கு எந்த நேரத்தில் வேட்டுப் போடுவார்கள் என்று விழாக் கமிட்டியாரிடம் கேட்டு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிலர் வேட்டுப் போடுகிறவரின் பக்கத்திலேயே நின்றுகொள்ள விரும்புவார்கள், ஏனெனில் திரி கொளுத்துவதைக் கண்ணால் பார்த்தபின் வரும் சத்தம் அவர்களை ஒன்றும் செய்வதில்லை. சிலர் அன்று இரவு தோட்டத்து மோட்டார் அறையில் படுத்துக்கொள்வார்கள். இரண்டையும் கேள்வி கேட்காமல் விடுங்கள். "பட்டாளத்தான் வெடிக்குப் பயப்படுகிறான்" என்று சிரிக்கும் உறவினருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டில் மூத்தவர். அந்தப் பொறுப்பைத் திரும்பி வந்தவர் தலையில் போடக் கூடாது.

அவருடைய மௌனத்தைப் பற்றியும் பலர் தவறாக எண்ணுகிறார்கள். என் கருத்தில், பேசாமல் இருப்பது மட்டும் நோயின் அடையாளம் ஆகாது. 1923-ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டம் அவரை ஓய்வுக்குப் பிறகும் கட்டுப்படுத்துகிறது. சட்டம் இல்லாவிட்டாலும், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து "என்ன மருமகனே, எத்தன பேரச் சுட்டிய?" என்று கேட்பவருக்குச் சொல்லத்தக்க பதில் எதுவும் இல்லை. அந்தக் கேள்வி வீட்டுக்குள் எழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாடு எப்படி இருந்தது, கூட இருந்தவர்கள் எந்த ஊர், குளிரை எப்படித் தாங்கினீர்கள் என்று கேட்டால் அவரே பேசுவார், பேசிக்கொண்டே எங்கோ நிறுத்திவிடுவார். நிறுத்திய இடத்துக்குப் பிறகு தோண்ட வேண்டாம். சிறு குழுவில் ஒருவர் உயிரை மற்றவர் காத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். பழைய கூட்டாளியிடமிருந்து நடு இரவில் அழைப்பு வந்தாலும் எழுந்து வெளியே போய்ப் பேசுவார். மனைவிக்கு இது வருத்தமாக இருக்கலாம். அந்தத் தொடர்பு அறுந்துபோவதைவிட, இருப்பதே குடும்பத்துக்கு நல்லது.

இன்னொரு உரசல் அதிகாரத்தைப் பற்றியது. இத்தனை ஆண்டுகள் ரேஷன் கார்டு முதல் பிள்ளைகளின் படிப்புவரை மனைவியே பார்த்துவந்திருக்கிறார். திரும்பியவரோ வந்த முதல் மாதமே வீட்டை யூனிட்டைப் போல நடத்தப் பார்க்கிறார்: காலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் எழ வேண்டும், செருப்பு வரிசையாக இருக்க வேண்டும். ஒரே பொறுப்பை, முழுமையாக, அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்; தோட்டமோ, வீடு கட்டும் வேலையோ, மூத்த மகனின் ஓட்டப் பயிற்சியோ எதுவாகவும் இருக்கலாம். மற்றவற்றில் பழைய ஏற்பாடு தொடரட்டும்.

வேலை விஷயத்தில் அவசரம் வேண்டாம். காற்றாலைப் பண்ணையிலோ வங்கி வாசலிலோ காவலாளியாக உடனே சேர்த்துவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. எதிலும் முடிவெடுத்துப் பழகியவரை, ஒன்றும் நடக்காத பன்னிரண்டு மணி நேரத்துக்கு நாற்காலியில் உட்கார வைப்பது பலருக்குப் பொருந்துவதில்லை. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி இரு கரையும் புரண்டு, திருச்செந்தூர் இரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றதே, அதுபோன்ற நாளில் இவர்களைப் போன்றவர்கள் தங்கள் பழைய வேகத்தோடு வெளியே வருவார்கள்; வெள்ளம் வடிந்ததும் மறுபடி சோர்ந்துவிடுவார்கள். அந்தச் சோர்வைக் கண்டு திகைக்க வேண்டாம். தினமும் ஒழுங்கும் உடலுழைப்பும் கேட்கும் வேலையே அவர்களுக்குச் சரிப்படும். படைக்கும் காவல்துறைக்கும் ஆள் எடுப்புக்காகக் காலையில் மைதானத்தில் ஓடும் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பதில் மனம் தேறியவர்கள் உண்டு.

இனி மருத்துவரிடம் போக வேண்டிய கட்டம். கேன்டீன் ரம் முதலில் சொந்தக்காரர்களுக்காக வாங்கப்படும், பிறகு தூக்கத்துக்காக, பிறகு காலையிலேயே. தூக்கத்துக்காகக் குடிக்கத் தொடங்கும் இடத்திலேயே விழித்துக்கொள்ளுங்கள். அதேபோல், கெட்ட கனவு, நடந்ததை நினைவூட்டும் இடங்களையும் ஆட்களையும் தவிர்ப்பது, எப்போதும் உஷாராக இருப்பது, பிள்ளைகள்மீதுகூடப் பற்றற்றுப் போவது ஆகியவை சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால், அது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980-இல் தங்கள் நோய்ப் பட்டியலில் சேர்த்த நோய் இது. பயிற்சி பெற்றவரோடு பேசிப் பேசி அந்த நினைவைக் கையாளப் பழகும் சிகிச்சையும், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளும் இதற்குப் பயன் தருகின்றன. கயிறு கட்டுவதையும் மந்திரிப்பதையும் நான் தடுக்கவில்லை. அவற்றுக்காக மருத்துவரைத் தள்ளிப்போடுவதைத்தான் ஒப்பமாட்டேன்.

பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2003-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில், அதாவது ஈ.சி.ஹெச்.எஸ். அட்டையிலும் சிகிச்சை பெறலாம். ஊரில் தெரிந்துவிடும் என்று தயங்குபவர்கள் 14416 என்னும் டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நல்லது" என்ற பேச்சு எழுந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். காவல் வேலைக்காக உரிமம் பெற்ற துப்பாக்கி வீட்டில் இருந்தால், அவரிடமே பேசி, சட்டப்படி வேறிடத்தில் ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள். அதை ஒளித்துவைப்பது தீர்வாகாது.

முதல் முறை மருத்துவரிடம் போகும்போது டிஸ்சார்ஜ் புத்தகத்தையும், எத்தனை மணிக்குத் தூங்கினார், எத்தனை முறை விழித்தார், எவ்வளவு குடித்தார் என்று இரண்டு வாரத்துக்கு எழுதிய தாளையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் மருத்துவரோடு தனியாகப் பேச விரும்பினால் வெளியே உட்கார்ந்திருங்கள். வீடு திரும்பும் வழியில் உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்காதீர்கள், அடுத்த தேதியை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.