மின்தடையின்போது பின்னணிப் பணிகளை நிறுத்திவைப்பதும் தொடர்வதும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலூரில் மின்சாரம் போனால், லினக்ஸ் கணினியில் மணிக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும் கணக்கீட்டையோ காணொளி மாற்றத்தையோ ரத்துசெய்ய வேண்டியதில்லை. அதை இடையில் நிறுத்திவைத்தால் கணினியின் செயலி (CPU) அதற்காக உழைப்பது நின்றுவிடும். யுபிஎஸ் பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினலில் நம் கண்முன்னே ஓடும் பணிக்குக் கண்ட்ரோல் விசையுடன் இசட் விசையை அழுத்தினால் போதும். பணி நின்றுவிடும். பிறகு எஃப்ஜி (fg) என்று தட்டினால் அது முன்னணியிலும், பிஜி (bg) என்று தட்டினால் பின்னணியிலும் தொடரும். நிறுத்திய பணி இருக்கும்போது அந்த டெர்மினலை மூடிவிடக் கூடாது.

வேறிடத்தில் தொடங்கிய பணியாக இருந்தால், டாப் (top) கட்டளையில் அதன் அடையாள எண்ணான பிஐடி (PID) எண்ணைப் பார்த்துக்கொண்டு, ஓடும் நிரலுக்குச் சிக்னல் என்னும் உத்தரவை அனுப்பும் கில் (kill) கட்டளையில் ஸ்டாப் (STOP) என்னும் சிக்னலை அந்த எண்ணுக்கு அனுப்ப வேண்டும். கண்ட்ரோல் இசட் அனுப்பும் சிக்னலை ஒரு நிரல் விரும்பினால் புறக்கணிக்கலாம். ஸ்டாப்பை எந்த நிரலாலும் தடுக்க முடியாது. டாப் பட்டியலில் நிலையைக் காட்டும் நெடுவரிசையில் T என்ற பெரிய எழுத்து தெரிந்தால் பணி நின்றுவிட்டது என்று பொருள். மின்சாரம் வந்தபின் அதே எண்ணுக்குத் தொடரச் சொல்லும் கண்ட் (CONT) சிக்னலை அனுப்பினால், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

சிக்னல்களை எண்ணால் அல்லாமல் பெயரால் குறிப்பிடுவதே பாதுகாப்பானது என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். வழக்கமான லினக்ஸ் கணினிகளில் 19 என்பது நிறுத்தும் சிக்னல். மேக் கணினியிலோ அதே 19 தொடரச் சொல்லும் சிக்னல்.

பல கட்டளைகளை வரிசையாக இயக்கும் ஷெல் ஸ்கிரிப்டை மட்டும் நிறுத்தினால் அது தொடங்கிவைத்த துணைப் பணிகள் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், அத்தகைய இடங்களில் அப்பணிகள் அனைத்துக்கும் பொதுவான குழு எண்ணைக் (PGID) கண்டறிந்து, அதன் முன் கழித்தல் குறியிட்டுக் குழு முழுவதற்கும் சிக்னல் அனுப்ப வேண்டும். பதிவிறக்கம் நீண்ட நேரம் நின்றால் மறுமுனை இணைப்பைத் துண்டித்துவிடக்கூடும். பலர் பயன்படுத்தும் தரவுத்தளத்தை இம்முறையில் நிறுத்தவே கூடாது. அது பூட்டிவைத்த தரவுக்காக மற்றவர்கள் காத்துக்கிடப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுத்திவைப்பது சேமிப்பதாகாது. நின்ற பணி தன் தரவு முழுவதையும் நினைவகத்திலேயே வைத்திருக்கிறது. யுபிஎஸ் அணைந்தால் அத்தனையும் போய்விடும். ஆகவே பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கியும் மின்சாரம் வராவிட்டால், கணினியை ஹைபர்னேட் செய்து நினைவகத்தை வட்டில் எழுதச் செய்யுங்கள். அதற்கு, நினைவகத்துக்காக வட்டில் ஒதுக்கப்படும் ஸ்வாப் இடம் போதிய அளவு இருக்க வேண்டும். அதை மழைக்காலத்துக்கு முன்பே ஒதுக்கி, ஒருமுறை சோதித்தும் பார்த்துவிடுங்கள்.